புளியமரத்துப் போன்

தெரசாவுக்குத் தெரிந்து நைனார்பாளையத்துச் சுற்றுவட்டாரத்தில் அவள் புருஷன் இன்னாசி அளவுக்குப் புளியமரம் உலுக்கத் தெரிந்த ஆள் கிடையாது. இதை அவள் அவர் முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் அந்த மனுஷனைக் கையில் பிடிக்க முடியாது.

உலுக்குவது என்றால் கிளையைப் பிடித்து இஷ்டத்துக்கு ஆட்டுவது இல்லை. பழுத்தது விழ வேண்டும், செங்காய் காம்பிலேயே நிற்க வேண்டும், கொழுந்து ஒடியக் கூடாது. இன்னாசி கிளையின் கழுத்தில் ஒரு காலை ஊன்றி, உடம்பின் பாரத்தை லேசாக இறக்கி, மூன்றே மூன்று மிதி மிதிப்பார். கீழே விரித்த தார்ப்பாயில் சடசடவென்று பழம் கொட்டும். பிறகு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அவர் சும்மா நிற்கிற நேரம்தான் தெரசாவுக்கு வேலை நேரம். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தார்ப்பாய்க்குள் போய்ப் பொறுக்கி வருவாள். அவள் வெளியே வந்து இருமினால் அடுத்த மிதி. முப்பது வருசமாக ஒருத்தரையொருத்தர் ஏறிட்டுப் பார்க்காமலே இந்த வேலையை இருவரும் செய்துவருகிறார்கள்.

இன்னாசிக்கு ஐம்பத்தெட்டு வயது. போன கார்த்திகையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டையைத் தோளில் ஏற்றும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ரத்தக்கொதிப்பு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆத்தூரில் வாக்கப்பட்டிருக்கிற மகள் ஏஞ்சலின் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்து, "இனிமே நீ மரம் ஏறக் கூடாதுப்பா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். ரத்தம் பரிசோதிக்கிற லேப்பில் வேலை பார்க்கிற பெண். அந்த வீட்டில் அவள் சொன்னால் டாக்டர் சொன்ன மாதிரி. கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்னால் நிற்க வைத்துச் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள். இன்னாசி குழந்தை இயேசுவைப் பார்க்காமல், பக்கத்தில் இருந்த களிமண் ஆட்டுக்குட்டியைப் பார்த்துச் சத்தியம் செய்தார். தெரசா அதைக் கவனித்தாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் ஏஞ்சலின் ஒரு போனும் வாங்கி வந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று. அதில் இரண்டு காரியம் செய்து வைத்தாள். ஒன்று, போன் மணியாகத் தன் மகள் செலினாவின் குரலைப் பதிந்துவிட்டாள். யார் கூப்பிட்டாலும் நாலு வயசுப் பிள்ளை, "தாத்தா போன எடு, தாத்தா போன எடு" என்று ராகம் போட்டுக் கத்தும். பூசை நடுவில் ஒருமுறை கத்தி, சாமியாரே சிரித்துவிட்டார். இரண்டாவது காரியம், அப்பா அம்மா எங்கே இருக்கிறார்கள் என்று ஆத்தூரிலிருந்தே தன் போனில் பார்த்துக்கொள்கிற மாதிரி ஏதோ பண்ணிவைத்தாள். வரைபடத்தில் நீலமாக ஒரு புள்ளி விழுமாம்.

பொங்கலுக்குள் அந்தப் புள்ளி இன்னாசியை ஒரு வழி பண்ணிவிட்டது. "அப்பா இன்னாத்துக்குச் சின்னசேலத்துல ரெண்டு மணி நேரம் நின்னுக்கினு இருந்தாரு?" என்று ஆத்தூரிலிருந்து கேள்வி வரும். "நான் இன்னா ஆடா மாடா, மணி கட்டி வுட்டு மேய்க்கிறதுக்கு?" என்று இவர் இங்கே முணுமுணுப்பார். தை கடைசியில் ஒருநாள் புள்ளி தானாக அணைந்துபோனது. "மிசினுன்னா கெட்டுப் போறதுதான்" என்றார் இன்னாசி. தெரசா நம்பினாள். ஏஞ்சலினும் நம்பி, ஈஸ்டருக்கு வரும்போது சரிபண்ணித் தருவதாகச் சொன்னாள்.

மாசி பிறந்ததும் வழக்கம்போலக் கல்வராயன் மலைக்குக் கிளம்பினார்கள். கரியாலூரைத் தாண்டிக் காசியம்மாள் என்கிற மலைக்காரம்மாவின் கொல்லையில் பதினோரு புளியமரம் இருந்தது. வருசா வருசம் இவர்கள்தான் உலுக்கிக் கொடுப்பார்கள், பழத்தில் பாதி இவர்களுக்கு. காசியம்மாளின் டிராக்டர் டிப்பரில் சாக்குமேல் உட்கார்ந்து போவார்கள், புளி மூட்டைமேல் உட்கார்ந்து வருவார்கள். அந்த இடத்துக்கு அரசாங்கம் என்ன பேர் வைத்திருக்கிறது என்று இருவருக்கும் தெரியாது. காசியம்மா கொல்லை, அவ்வளவுதான்.

"புளி தட்டத்தான் போறோம், ஓடு நீக்கிக் கொட்டை எடுக்கற வேலை. ஏறுறதுக்கு மேல வேற ஆளு கீது" என்று மகளிடம் சொன்னது தெரசாதான். பொய்யை இவ்வளவு கோர்வையாகச் சொல்ல வந்ததே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. தவக்காலம் வேறு. ஈஸ்டருக்குள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் போச்சு என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கொல்லையில் போனுக்கு டவர் கிடைக்காது. சுற்றிலும் மேடு, நடுவில் பள்ளம். ஆனால் ஓடைக்கரையில் இருக்கிற பெரிய மரத்தின் உச்சிக் கவட்டைக்குப் போனால் மூன்று கோடு காட்டும். அதை இன்னாசிதான் கண்டுபிடித்தார். பழக்கூடை இறக்குகிற கயிற்றை அந்தக் கவட்டையில் மாட்டி, ஒரு முனையில் மஞ்சப்பையைக் கட்டி, அதற்குள் போனை வைத்துவிட்டார். இன்னொரு முனை கீழே வேரில் கட்டியிருக்கும். கயிற்றை இழுத்தால் பை மேலே போகும், விட்டால் இறங்கும். காலையில் பத்து மணிக்கு ஏஞ்சலின் கூப்பிடும் நேரத்துக்கு இன்னாசி அந்த மரத்தில் இருப்பார். மேலே உட்கார்ந்தபடியே பையிலிருந்து போனை எடுத்து, "தோ, நெழல்ல குந்திக்கினு கொட்டை எடுத்துக்கினு கீறோம்" என்பார். கீழே தெரசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காசியம்மாள் வெள்ளிமலைச் சந்தைக்குப் போயிருந்தாள். டிராக்டரும் போய்விட்டது. பனி விலகி வெயில் ஏற ஏறப் பழம் நன்றாக உதிர்ந்தது. கேழ்வரகுக் கூழ்ப்பானையை வேருக்குப் பக்கத்தில் வைத்து, மேலே இலையைப் போட்டு மூடியிருந்தாள் தெரசா. தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல். பத்து மணிப் போன் வந்ததும் இறங்கிச் சாப்பிடலாம் என்றார் இன்னாசி.

போன் வந்தது. "தாத்தா போன எடு." அவர் அப்போது பக்கத்துக் கிளையில் இருந்தார். கவட்டைக்குத் திரும்பி வந்து எடுக்காமல், நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டினார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினார். காலுக்குக் கீழே இருந்த கிளை உள்ளே பொந்து விழுந்த கிளை.

தெரசா குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். கிளை முறிகிற சத்தம் கேட்டு நிமிர்வதற்குள் அவர் தார்ப்பாய்க்கு வெளியே கிடந்தார். வலது கால் இருக்க வேண்டிய திக்கில் இல்லை. மேலே பேத்தி இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு நிறுத்தினாள்.

"தெரசு" என்றார் இன்னாசி. "உயிரோடதான் கீறேன். கத்தாத."

அவள் கத்தவே இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து தலையைத் தூக்கி மடியில் வைக்கப் போனாள்.

"தூக்காத. முதுவு வலிக்குது. கால எவனோ புடுங்கறாப்புல கீது."

"காசியம்மா வர்ற வரைக்கும் தாங்குவியா?"

"அவ சந்தை முடிச்சு வர சாயங்காலமாவும்." அவர் மூச்சு வாங்கினார். "தாங்க மாட்டேன்னுதான் நெனைக்கறேன்."

அந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓட மனசு வரவில்லை. ஓடினாலும் ரோட்டில் எப்போது வண்டி வரும் என்று சொல்ல முடியாது. எழுந்து வேரிலிருந்த கயிற்றை அவிழ்த்து மஞ்சப்பையை இறக்கினாள். மகளுக்குப் போடலாம் என்றுதான் கை போனது. ஆத்தூரில் அவள் அழுவாள், இங்கே வண்டி வராது. நூற்றெட்டைப் போட்டாள். அவசர நம்பருக்குப் போட்டால் எந்தக் கம்பெனி டவர் கிடைத்தாலும் போன் பிடித்துக்கொள்ளும், விடாமல் தேடும் என்று ஏஞ்சலின் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. ஸ்பீக்கரைத் தட்டிப் பைக்குள் போட்டுக் கயிற்றை இழுத்தாள். பாதி போவதற்குள் அறுந்துவிட்டது. மறுபடி இறக்கினாள், போட்டாள், இழுத்தாள். மூன்றாம் தரம் கை எரிய எரிய இழுத்தபோது, உச்சிக் கவட்டையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"வணக்கம், நூத்தெட்டு. என்ன அவசரம், சொல்லுங்க."

"அம்மா, எங்க வூட்டுக்காரரு மரத்துலேருந்து வுழுந்துட்டாரும்மா. காலு ஒடஞ்சிருக்குது."

"போனைக் கொஞ்சம் பக்கத்துல வெச்சுப் பேசுங்க. ரொம்ப தூரத்துல கேக்குது."

"பக்கத்துல வர முடியாதும்மா. நீ மரத்து மேல கீற. நான் கீழ கீறேன்."

"நான் மரத்து மேலயா?"

"போனு மேல. கீழ டவர் கெடையாது. கயித்துல கட்டி ஏத்தியிருக்கறேன்."

"சரிம்மா, புரியுது. சத்தமாவே பேசுங்க. எந்த ஊரு?"

"காசியம்மா கொல்லை."

"ஊர் பேரு சொல்லுங்கம்மா."

"கரியாலூரு தாண்டி. ஓடை போவும். காசியம்மா கொல்லைன்னா யார வேணா கேளு, சொல்லுவாங்க." சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. முப்பது வருசமாக வந்து போகிற இடம், பேர் தெரியவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்த பிழைப்பு.

"அழாதீங்க. உங்க போன் எந்த டவர்ல நிக்குதுன்னு எனக்குத் தெரியுது. ஆனா அந்த டவரோட வட்டம் பெருசு, உள்ள ஏழெட்டு ஊரு வருது. கரியாலூர் வண்டியக் கெளப்பிடறேன். உங்க போன்ல லொக்கேஷன் ஆன்ல இருந்தா புள்ளி சரியா விழும். இப்ப அது ஆஃப்ல இருக்கற மாதிரி தெரியுது. ஆன் பண்ண முடியுமா?"

"அது கெட்டுப் போச்சும்மா. ஒரு மாசமாச்சு."

"கெடல" என்றார் இன்னாசி.

தெரசா திரும்பிப் பார்த்தாள்.

"கெடல. நான்தான் அணைச்சு வெச்சேன்." அவர் அவளைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துச் சொன்னார். "பஸ் ஸ்டாண்டுல ஒரு பையன் சொல்லிக் குடுத்தான்."

திட்டுவதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. ஆனால் அந்த முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. "சரி, எப்படி ஏத்தறதுன்னு சொல்லு" என்று கயிற்றை இறக்கினாள். பை பாதி வருவதற்குள் அந்தப் பெண்ணின் குரல் அறுந்துவிட்டது. அது போனதும் கை ஒடிந்த மாதிரி இருந்தது தெரசாவுக்கு.

"மேலேருந்து வெரல வெச்சுக் கீழ இழு."

"இழுத்தேன். வட்ட வட்டமா வருது."

"தண்ணிச் சொட்டு தலைகீழா நிக்கற மாதிரி ஒண்ணு கீதா? நடுவுல ஓட்டை."

"கீது."

"அத அமுக்கு. நீலமா ஆவணும்."

அவள் விரல் புளிப் பிசுக்கில் வழுக்கியது. முந்தானையில் துடைத்துவிட்டு அழுத்தினாள். நீலமானது. மறுபடி நூற்றெட்டு, மறுபடி கயிறு. இந்த முறை மேலே வேறொரு ஆண் குரல். ஆனால் எடுத்ததுமே, "கரியாலூர் புளியமரத்தம்மாதானே?" என்று கேட்டது.

"ஆமாங்க."

"எல்லாம் இங்க எழுதியிருக்கும்மா. கொஞ்சம் இருங்க." மரம் மூச்சுவிடுகிற மாதிரி ஒரு இரைச்சல். "புள்ளி விழுந்துடுச்சு. ரோட்டுலேருந்து அரைக் கிலோமீட்டர் உள்ள, ஓடைக்குக் கிழக்க. சரியா?"

"சரிங்க. அதேதான்."

"வண்டிக்கு அனுப்பிட்டேன். நீங்க போனக் கீழ எறக்காதீங்க. எறக்குனா டவர் போயிடும். அவரை அசைக்காதீங்க, தண்ணி குடுக்காதீங்க. தூங்க வுடாம பேசிக்கினே இருங்க. தனியா இருக்கீங்கன்னு பயப்படாதீங்கம்மா." அத்தோடு அந்தக் குரலும் போனது. போனால் போகட்டும், புள்ளி விழுந்துவிட்டது என்று தெரசா கயிற்றை வேரில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

வெயில் நேராக இறங்கியது. தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கி இரண்டு கொம்பில் மாட்டி அவர் முகத்துக்கு நிழல் பண்ணினாள். பொறுக்கிய பழமெல்லாம் உருண்டு ஓடைப்பக்கம் போனது. கூழ்ப்பானைமேல் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அவர் தண்ணீர் கேட்டார். துண்டின் நுனியை நனைத்து உதட்டில் ஒற்றினாள்.

"இன்னாத்துக்கு அணைச்ச?" என்றாள். பேச்சு கொடுக்க வேண்டுமே.

"அவ பாத்துக்கினே இருந்தா மலைக்கு எப்படி வர்றது?"

"வராட்டி இன்னா?"

"மரமும் ஏறலன்னா நான் யாரு தெரசு? மூட்டை தூக்காதன்னுட்டாங்க. ஏர் ஓட்டாதன்னுட்டாங்க. வூட்டுல குந்திக்கினு டிவி பாக்கற கெழவனாயிடணுமா?"

"அதுக்கு எங்கிட்டயும் சொல்லாம அணைப்பியா? உனக்கோசரம் நான் பொய் சொல்லிக்கினு திரியறேன். என்கிட்டயே நீ பொய் சொல்ற."

"உனக்குப் பாவம் ஜாஸ்தி ஆவக்கூடாதுன்னுதான்."

சிரிப்பு வந்தது அவளுக்கு, கண்ணீரோடு சேர்ந்து. கொஞ்ச நேரத்தில் அவர் இமை இறங்கியது. தோளைத் தொட்டாள், கன்னத்தைத் தட்டினாள். ஏஞ்சலின் பிறந்த கதையைச் சொன்னாள், அவள் கல்யாணத்தில் பந்தல் சாய்ந்ததைச் சொன்னாள், பங்குச்சாமியார் செலினா குரலுக்குச் சிரித்ததைச் சொன்னாள். எதற்கும் இமை எழவில்லை. ஜெபமாலை இடுப்பில் இருந்தது. அதை எடுக்கக்கூட அவள் கை போகவில்லை. குனிந்து காதுக்குப் பக்கத்தில், முப்பது வருசமாக அடக்கி வைத்திருந்ததைச் சொன்னாள்.

"இந்தச் சுத்துவட்டாரத்துல உன்ன மாதிரி மரம் உலுக்க ஆளே கெடையாது."

ஒரு கண் திறந்தது. "இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"இன்னொரு தரம் சொல்லு."

"வண்டி வரட்டும், சொல்றேன்."

"வண்டி வந்தா சொல்லணும்."

"சொல்றேன். முழிச்சுக்கினு இரு."

அதற்குப் பிறகு அவர் தூங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தையே பார்த்தபடி கிடந்தார்.

"தாத்தா போன எடு" என்று மேலே குரல் வந்தது. தெரசா சட்டென்று எழுந்து கயிற்றுக்குக் கை நீட்டினாள், நிறுத்திக்கொண்டாள். இறக்கக் கூடாது என்றார்களே. ஏஞ்சலினாக இருக்கும், இல்லை வண்டிக்காரர்களாக இருக்கும். யாராக இருந்தாலும் எடுக்க முடியாது. குரல் நின்றது. மறுபடி வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அந்தப் பள்ளம் முழுக்கப் பேத்தியின் குரல் போய் மேட்டில் முட்டித் திரும்பியது. பத்துப் பதினைந்து தரம் கத்தியிருக்கும். அப்புறம் உண்ணிச்செடிப் புதருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விசில் கேட்டது. தெரசா இந்த வயசில் முதல்முறையாக விசிலடிக்கப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. "இங்க கீறோம்" என்று கத்தினாள்.

இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். வண்டி ஓட்டுகிற கண்ணாயிரம், ஐம்பது வயசு ஆள். முதலுதவி பார்க்கிற கவியரசன், இளவட்டம். அவன் காதில் போனை வைத்துக்கொண்டே வந்தான்.

"ரோட்டு வளைவுல மேப் நின்னு போச்சும்மா, எந்தப் பக்கம் எறங்கறதுன்னு தெரியல. உங்க நம்பருக்கு அடிச்சா, போன்ல ரிங்கு போவுது, பள்ளத்துல கொழந்த கூப்புடுது. நிறுத்துனா நிக்குது. அடிச்சா கூப்புடுது. அதப் புடிச்சுக்கினே வந்துட்டோம்." அண்ணாந்து மஞ்சப்பையைப் பார்த்தான். சிரிக்க நேரமில்லை, மண்டியிட்டு உட்கார்ந்து இன்னாசியின் நாடியைப் பிடித்தான்.

காலுக்கு அட்டை வைத்துக் கட்டினார்கள். கழுத்துக்குப் பட்டை போட்டார்கள். ஊசி குத்தி, குளுக்கோஸ் பாட்டிலைத் தெரசா கையில் கொடுத்து, "தோளுக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கினே வாங்க, எறக்கக் கூடாது" என்றான் கவியரசன். காலையிலிருந்து எல்லாரும் எதையாவது இறக்காதே என்றுதான் சொல்கிறார்கள். தூக்கிப் பிடித்தபடி, கண்ணைப் பாட்டிலிலிருந்து எடுக்காமல், முள்ளிலும் கல்லிலும் அரைக் கிலோமீட்டர் நடந்தாள். செருப்புப் போட மறந்தாள். கூழ்ப்பானையை மறந்தாள். மஞ்சப்பையையும் மறந்தாள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இன்னாசியை உள்ளே கொண்டுபோன பிறகுதான், மகளுக்குச் சொல்ல வேண்டுமே என்று இடுப்பைத் தடவினாள். ஜெபமாலைதான் இருந்தது. ஏஞ்சலின் நம்பர் மனப்பாடமில்லை. யாருடைய நம்பரும் மனப்பாடமில்லை, எல்லாம் அந்த மரத்தில் தொங்கியது. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த கவியரசனிடம் ஓடினாள்.

"தம்பி, எங்க நம்பருக்கு ஒருதரம் போடேன். காசியம்மா வந்திருந்தா எடுப்பா."

அவன் போட்டான். காதில் வைத்துவிட்டு அவளிடம் நீட்டினான். "பிஸின்னு வருதும்மா."

"யாரு பேசறாங்க அங்க? யாருமே இல்லியே."

"யாரும் பேசலம்மா. வேற யாரோ அதே நேரத்துல கூப்புட்டுக்கினு கீறாங்க."

தெரசாவுக்குப் புரிந்தது. ஆத்தூரிலிருந்து ஏஞ்சலின் போடுகிறாள். இவள் இங்கிருந்து போடுகிறாள். ஆளில்லாத கொல்லையில் பிள்ளை தனியாகக் கத்திக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டான், மறுபடியும் பிஸி. "வுட மாட்டேங்கறா" என்று சொல்லி, ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். "மலைக்குப் போனா போனை எடுத்தாந்து தரேன்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கவியரசனுக்கு அடுத்த அழைப்பு வந்து, கிளம்பிவிட்டான்.

தொடையெலும்பு முறிவு, விலாவில் இரண்டு. முதுகுத்தண்டுக்கு ஒன்றுமில்லை, சீக்கிரம் கொண்டு வந்ததால் பிழைத்தார் என்றார்கள். அடுத்த வாரம் ஆபரேசன். சாயங்காலம் வார்டில் காலில் கல் கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். ஏழு மணிக்கு ஏஞ்சலின் வந்தாள். முழங்கை வரைக்கும் முள் கீறல், சுடிதாரெல்லாம் புளித்தூசி. கையில் மஞ்சப்பை. கயிற்றில் ஒரு முழம் அதிலேயே இருந்தது, முடிச்சவிழ்க்கத் தெரியாமல் அறுத்திருக்கிறாள்.

இன்னாசி அவளைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"தூங்கற மாதிரி நடிக்காதப்பா" என்றாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "காலைல போட்டேன், எடுக்கல. வேலையில இருப்பீங்கன்னு வுட்டுட்டேன். பன்னண்டு மணிக்குப் பாத்தா, ஒரு மாசமா இல்லாத புள்ளி மலை மேல எரியுது. மொதல்ல சந்தோசப்பட்டேம்மா. மிசினு சரியாயிடுச்சு போலன்னு. போட்டா எடுக்கல. புள்ளி அசையவே இல்ல. ஒரு மணி நேரமா அசையல. மனுசன்னா ஒண்ணுக்குப் போவவாவது அசைவான் இல்ல?"

தெரசா அவள் கையைப் பிடித்தாள்.

"அவரு பைக்க எடுத்தாரு. காச்சிராயபாளையம் வழியா ஏறுனோம். புள்ளியப் பாத்துக்கினே போனோம், அது நின்ன எடத்துலயே நின்னுச்சு. அங்க போனா ஆளே இல்ல. தார்ப்பாய் கிழிஞ்சு கெடக்குது. உன் செருப்பு கெடக்குது. பானை கவுந்து கெடக்குது. நான் போட்டுக்கினே இருக்கறேன், செலினா கொரல் மட்டும் மேலருந்து கேக்குது." மஞ்சப்பையைக் கட்டில்மேல் வைத்தாள். "சந்தையிலேருந்து அந்தம்மா வந்துதான் சொன்னாங்க, ஆம்புலன்ஸ் வந்துச்சாம்னு."

ஏஞ்சலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் தலைமாட்டுக்குப் போனாள்.

"அத அணைச்சது யாரு?"

"நான்தான்" என்றாள் தெரசா.

"உனக்கு அது எங்க கீதுன்னே தெரியாது."

"இன்னா தெரியாது?" பையிலிருந்து போனை எடுத்து, விரலை வைத்துக் கீழே இழுத்து, தலைகீழ்ச் சொட்டைக் காட்டினாள். ஏஞ்சலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அப்பாவின் மார்பில் நெற்றியை வைத்தாள். விலா வலித்திருக்கும். இன்னாசி அவள் முடியில் ஒட்டியிருந்த புளிநாரை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"ஏண்டி" என்றாள் தெரசா, "நாங்க எங்க கீறோம்னு நீ பாக்கற. நீ எங்க கீறன்னு நாங்க பாக்க வேணாமா? உன் புள்ளிய இதுல ஏத்து."

ஏஞ்சலின் இரண்டு போனையும் கையில் வைத்துக்கொண்டு என்னவோ தட்டினாள். பிறகு அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இன்னாசி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுதான் தெரியுது."

"ரெண்டும் ஒரே எடத்துல கீதுப்பா. ஒண்ணு மேல ஒண்ணு நிக்குது."

அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு தெரசாவைத் தேடினார்.

"வண்டி வந்து எவ்ளோ நேரமாவுது. சொல்றேன்னு சொன்ன."

தெரசா சுற்றும் முற்றும் பார்த்தாள். வார்டு முழுக்க ஆள். மகள் வேறு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்தாலும் சொன்ன சொல் சொல்தான் என்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"இந்தச் சுத்துவட்டாரத்துல உன்ன மாதிரி மரம் உலுக்க ஆளே கெடையாது. போதுமா? சொல்லியாச்சு. இனிமே எறங்கிடு ஏஞ்சலு அப்பா."

இன்னாசி தொங்குகிற காலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். இந்த முறை பார்ப்பதற்குப் பக்கத்தில் களிமண் ஆட்டுக்குட்டி எதுவும் இல்லை.

"எறங்கிட்டேன்" என்று தெரசாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.